கியர் பெட்டிக்குள் போன தண்ணீரும் டிரைவரின் கூலியில் வெட்டிய காசும்



நீளமான பதிவு. சிறுபோகத்துக்கு மெசின் இறக்க முதல், மெசின் வைத்திருப்பவர்கள் பொறுமையாக ஒருமுறை வாசியுங்கள். கோபம் வந்தால் வாசித்து முடித்த பிறகு கோபப்படுங்கள்.

போன பெரும்போகக் கணக்கு முடிக்கும் நேரத்தில் நம்மூரில் ஒரு பிரச்சினை வந்தது. பழைய மெசி 135. மாரி முழுக்கச் சேறடித்த மெசின். தை மாதக் கடைசியில் பின்பக்கம் இரையத் தொடங்கியது. பிறகு லிப்ட் நடுங்கியது. அதற்குப் பிறகு தூக்கவே இல்லை. கியர் ஒயிலைத் திறந்து பார்த்தால் ஒயில் இல்லை, பால் தேத்தண்ணி.

"இவன் ஆழத் தண்ணிக்குள்ள இறக்கி மெசினக் கெடுத்துப்போட்டான்" என்றார் முதலாளி. "நீங்க காட்டின வயலுக்குள்ளதான் காக்கா இறக்கின நான்" என்றார் டிரைவர். 12 நாள் கூலியை முதலாளி பிடித்துக்கொண்டார். பேச்சு பள்ளிவாசலுக்கு வந்தது. படித்த ஆக்கள், மாஸ்டர்மார் என்று நம்மையும் கூப்பிட்டு இருத்தினார்கள். அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முதல் தீர்ப்பும் சொல்லியாயிற்று: ஆளுக்குப் பாதி. ஆறு நாள் கூலியை முதலாளி கொடுக்கட்டும், ஆறு நாளை டிரைவர் பொறுக்கட்டும். ஸலவாத்துச் சொல்லி எழும்பினோம். நடுநிலையாக நடந்தோம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

மூன்று நாளைக்குப் பிறகு மெக்கானிக் மெசினைப் பிரித்தார். கியர் லீவரின் அடியில் றப்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொப்பிங் பேக். அதைச் சுற்றி ரியூப் கீலத்தால் ஒரு கட்டு. பேக்கின் நிறம் போய், மடிப்புக்குள் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. டிரைவர் வேலைக்கு வந்தது ஐப்பசியில். பேக் கட்டியது அதற்கு முந்திய போகத்தில். கட்டியவர் முதலாளியின் சொந்தத் தம்பி. அவரே சொன்னார்.

அந்த றப்பரை ஒரு போகம் முழுக்க மாற்றாமல் விட்டவரை ஒரு கேள்வி கேட்காமல், மழைக்குள் நின்று உழுதவனின் ஆறு நாள் கூலியை நாம் வெட்டியிருக்கிறோம். பிழை முழுவதும் ஒரு பக்கம் கிடக்கும்போது பாதிக்குப் பாதி பிரித்தால் அநியாயம் பாதியாகிறது, அவ்வளவுதான். அதற்கு நீதி என்று பேர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம்.

இது ஒரு வீட்டுக் கதை என்றால் எழுதியிருக்கமாட்டோம். ஒவ்வொரு போகமும் நடக்கிறது. ஆகவே தண்ணீர் எந்த வழியால் உள்ளே போகிறது என்பதை முதலில் பேசுவோம்.

மெசி 135ஐ இங்கிலாந்தில் 1979 வரை செய்தார்கள். நம் வட்டைகளில் இன்றைக்கும் உழுதுகொண்டிருப்பவற்றில் பல, அதை ஓட்டுகிற பொடியன்களின் வாப்பாவின் வயதுள்ளவை. அந்த வயதில் முதலில் போவது றப்பரும் சீலும். கியர் லீவரின் றப்பர் வெடித்தால் மழைத்தண்ணீர் லீவர் வழியே நேராகக் கீழே இறங்கும். டிப்ஸ்டிக் மூடி இறுகாவிட்டால் அதாலும் இறங்கும். பின்சில்லு அச்சின் சீல் தேய்ந்தால் சேற்றுத்தண்ணீர் உள்ளே வரும். மூச்சுவிடும் துளை இன்னொரு வழி. பகல் முழுக்க உழுது சூடான பெட்டி இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மாரிக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே அது வியர்த்துத் தண்ணீராகும். வருடம் முழுக்கக் கூரையில்லாமல் வளவுக்குள் நிற்கிற மெசினுக்குள், ஒருநாளும் வயலில் இறக்காவிட்டாலும் தண்ணீர் சேரும்.

இதில் எது டிரைவரின் குற்றம்? றப்பர் வாங்குவது அவரா? சீல் மாற்றுவது அவரா? மெசினுக்குக் கொட்டில் போடுவது அவரா?

"ஆழத்தில் இறக்கினான்" என்ற வாதத்தையும் எடுப்போம். ஆழத் தண்ணீரில் நின்றால் தேய்ந்த சீலால் தண்ணீர் போகும், உண்மை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் எடுத்து "மழை வரப்போகுது, எப்படியாவது அந்தக் கண்டத்தை முடிச்சிட்டு வா" என்று சொன்னது யார்? ஏக்கர் கணக்குக்குக் காசு வாங்கியது யார்? முடிக்காமல் வந்திருந்தால் "சோம்பேறி" என்று சொல்லி அடுத்த நாள் வேறு ஆளைப் பிடித்திருப்போம். உழுதால் மெசினைக் கெடுத்தவன், உழாவிட்டால் வேலை செய்யாதவன். இரண்டு பக்கமும் நாமே நின்று அடிக்கிறோம்.

மெசின் உண்மையில் டிரைவரின் கவனக்குறைவால் கெட்ட சம்பவங்களும் இருக்கின்றன. அதை நிரூபிக்க வழி இருக்கிறது. போகம் தொடங்க முதல் டிரைவரையும் வைத்துக்கொண்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். றப்பர், சீல், மூடி எல்லாம் சரியா என்று பார்த்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். கொடுக்கும்போது நல்லதாகக் கொடுத்தோம் என்று காட்டமுடியாதவருக்கு, வாங்கும்போது கெட்டது என்று சொல்ல உரிமை இல்லை. வகுப்பில் ஒரு கதிரை உடைந்தால்கூட, முதலே உடைந்திருந்ததா என்று விசாரிக்காமல் பிள்ளையை நாம் தண்டிப்பதில்லை.

அடுத்தது, கழுவுகிற கதை.

ஒயில் பாலாகிவிட்டது என்று தெரிந்ததும் நம்மில் பலர் செய்வது இதுதான்: ஒரு நட்டைக் கழற்றி வந்த அளவை வடித்து, உள்ளே டீசலை ஊற்றி, மெசினை ரோட்டில் இரண்டு ஓட்டம் ஓட்டி, அதையும் வடித்து, மலிவாகக் கிடைத்த ஒயிலை ஊற்றி, "கழுவிட்டன்" என்று சாவியை டிரைவரின் கையில் கொடுப்பது. அடுத்த மாதம் பெயரிங் போனால் அதுவும் டிரைவரின் கணக்கில்.

இந்த மாடலில் கியருக்கும் பின்பக்கத்துக்கும் லிப்டுக்கும் ஒரே ஒயில்தான். 30 லீற்றருக்கு மேல் பிடிக்கும். லிப்ட் பம்ப் அந்த ஒயிலுக்குள்ளேயே மூழ்கி நிற்கிறது. தண்ணீர் கலந்த ஒயில் கியர்ப் பல்லையும் பெயரிங்கையும் துருப்பிடிக்கச் செய்து, பம்பையும் வால்வையும் சேர்த்துத்தான் தின்னும். லிப்ட் நடுங்கும்போதே மெசின் நமக்குச் சொல்லிவிட்டது. நாம் கேட்கவில்லை.

ஒழுங்காகக் கழுவுவது இப்படி. மெசினை மட்டமான நிலத்தில் இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் அசைக்காமல் அடி நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் பிரிந்து நிற்கும் தண்ணீர் முதலில் வரும், அது ஒயிலைவிடப் பாரம். ஆனால் பாலாகிப்போன ஒயில் அப்படிப் பிரியாது, முழுவதையும் எடுக்க வேண்டும். மெசினைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூட்டோடு, கீழே இருக்கிற எல்லா நட்டையும் கழற்றி வடியுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றப் பக்கத்தில் தேங்கும். அரை நாளாவது சொட்டவிடுங்கள். அடியில் வரும் மண்டியை விரலால் தேய்த்துப் பாருங்கள். இரும்புச் செதில் தட்டுப்பட்டால் கழுவுவதோடு வேலை முடியாது, பிரிக்க வேண்டும்.

தனி டீசலை ஊற்றி ரோட்டில் ஓட்டுவது மெசினுக்குச் செய்கிற துரோகம். டீசல் மெலிசு, பளு ஏறும்போது பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் நிற்காது. வடித்த பிறகும் மூலைமுடுக்கில் தங்கிப் புது ஒயிலையும் மெலிசாக்கும். டீசல் பாவிக்கத்தான் வேண்டும் என்றால் ஒயிலோடு கலந்து, நின்ற நிலையில், பளுவில்லாமல், குறைந்த வேகத்தில் சில நிமிடம் மட்டும். அதைவிட நல்லது, அதே தரத்தில் விலை குறைந்த புது ஒயிலை ஊற்றி, லேசான வேலை ஒருநாள் செய்து, லிப்டைப் பல தடவை ஏற்றி இறக்கி, சூட்டோடு வடிப்பது. அதற்குப் பிறகுதான் கடைசி ஒயில். அச்சுக் குழாய்களிலும் லிப்ட் சிலிண்டரிலும் மிச்சம் நிற்கும், ஆகவே ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். கலங்கியிருந்தால் திரும்பவும் மாற்ற வேண்டும்.

கியர் சத்தத்தை மறைக்க 140 போன்ற தடித்த ஒயிலை ஊற்றாதீர்கள். லிப்டும் அதே ஒயிலில்தான் வேலை செய்கிறது. கையேட்டில் சொன்ன தரத்தை ஊற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் அந்த றப்பரை மாற்றுங்கள். ஓட்டையை அடைக்காமல் கழுவினால் அடுத்த மழைக்கு மறுபடியும் பால் தேத்தண்ணிதான்.

சரி, வடித்த ஒயில் எங்கே போகிறது? நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். மெசினை வாய்க்கால் கட்டில் ஏற்றி, நட்டைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று போன் பேசுவோம். 30 லீற்றர் பழைய ஒயில், அதோடு கழுவிய டீசல். தண்ணீரின் மேலே நிறநிறமாக ஒரு படலம் ஓடும். அந்தப் படலம் தண்ணீருக்குள் காற்றுப் போகவிடாது. கீழே மீன்குஞ்சும் தவளையும் மூச்சுமுட்டும். கீழ்க் கண்டத்துக்காரன் அதைத்தான் தன் நாற்றுக்குத் திருப்புவான். மாடு அதைத்தான் குடிக்கும்.

கல்லோயாத் திட்டத்தில் கடலோரத்து நம் வட்டைகள் கடைசியில் இருப்பவை. மேலே இருப்பவர்கள் தண்ணீரை மறிக்கிறார்கள், கழிவைக் கீழே விடுகிறார்கள் என்று போகத்துக்குப் போகம் கூட்டத்தில் எழும்பிக் கத்துகிறோம். அந்த நியாயத்தைப் பேசிவிட்டு வந்து நமக்குக் கீழே இருக்கிறவனுக்கு ஒயிலைத் திறந்துவிடுகிறோம். பாதையில் கிடக்கிற முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். வாய்க்காலும் ஒரு பாதைதான்.

மூன்றாவது ஆள், மெசினை வாங்குகிறவன். ஒயில் பாலாகி, பின்பக்கம் இரையத் தொடங்கியதும் நம்மில் சிலருக்கு வருகிற புத்தி, விற்றுவிடுவது. பாலை வடித்துப் புது ஒயிலை ஊற்றி, மேலே ஒரு சிவப்புப் பெயின்ற் அடித்து, "ஒரு வேலையும் இல்ல, வயல்ல இறக்கினாச் சரி" என்று கைமாற்றுவோம். வாங்குகிறவன் பெண்சாதியின் நகையை வங்கியில் வைத்த காசோடு வந்திருப்பான்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்ட சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. மழை பட்டுவிட்டது என்றார் விற்றவர். ஆட்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்ல என்று சொன்னார்கள். எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! மழை பட்டது அந்த வியாபாரியின் குற்றமாகச் சொல்லப்படவில்லை. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம். நம் மெசினுக்கும் மழைதான் பட்டது. நாமும் அடியில்தான் மறைக்கிறோம்.

"மாஸ்டருக்கு என்ன, மாதச் சம்பளம். ஒயில் விற்கிற விலைக்கு இரண்டு தரம் கழுவ ஏலுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021இல் உரத்தை நிறுத்தினார்கள், 2022இல் டீசலுக்கு வரிசையில் நாள்கணக்கில் நின்றோம். அந்த அடியில் இருந்து இன்னும் நிமிராத மெசின்காரர்கள் இருக்கிறார்கள். வயலும் மெசினும் வைத்திருக்கிற மாஸ்டர்மாரும் நம்மில் இருக்கிறோம், அந்தக் கணக்கு நமக்கும் தெரியும். அப்படியென்றால் முதல் செலவு றப்பர். அதற்கு ஒயிலின் விலை இல்லை. கையில் காசில்லை என்றால் இந்தப் போகம் மெசினை நிறுத்துங்கள், அல்லது டிரைவரிடம் உள்ளதைச் சொல்லி ஓட்டுங்கள். நமக்குக் காசில்லாத கஷ்டத்தை அவரின் கூலியில் இருந்து தீர்க்க எந்த மார்க்கமும் இடம் தரவில்லை. லாபம் வந்த போகத்தில் அவருக்கு நாம் பங்கு கொடுத்தோமா? நட்டத்தில் மட்டும் எப்படிப் பங்காளியானார்?

ஆகவே கேட்பது நான்கு விடயம்.

ஒன்று, போன போகத்தில் "மெசினைக் கெடுத்தான்" என்று பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுங்கள். றப்பர் வெடித்திருந்தது தெரிந்திருந்தும் பிடித்தவர்கள் முதலில் கொடுங்கள்.

இரண்டு, சிறுபோகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கிற திகதியோடு ஒயில் கதையையும் பேசுங்கள். வட்டைக்கு ஒரு மூடிபோட்ட பீப்பாய் வைத்தால் போதும். பழைய ஒயில் எடுக்கிற ஆக்களிடம் கொடுக்கலாம். வாய்க்காலில் திறந்துவிடுபவர் யாராக இருந்தாலும் கூட்டத்தில் பேர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று, மெசின் விற்கும்போது ஒயில் பாலானது என்றால் பாலானது என்று சொல்லி விற்றுவிடுங்கள். விலை குறையும். பறக்கத் குறையாது.

நான்காவது நமக்கு. பள்ளியில் இருந்து தீர்ப்புச் சொல்ல முதல் மெசினைப் போய்ப் பார்க்க வேண்டும், மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அன்றைக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கியர் லீவரின் அடியை ஒருவராவது குனிந்து பார்த்திருந்தால் அந்தச் சொப்பிங் பேக் கண்ணில் பட்டிருக்கும். நாம் குனியவில்லை. அந்த ஆறு நாள் கூலியை இருந்தவர்கள் சேர்ந்து போட்டு டிரைவரிடம் கொடுத்துவிட்டோம். முதலாளி தர வேண்டியது இன்னும் முதலாளியின் கழுத்தில்தான் இருக்கிறது. அது தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பகிர விரும்புபவர்கள் பகிருங்கள். அதற்கு முதல் வளவுக்குப் போய், உங்கள் மெசினின் கியர் லீவரை அடியில் ஒருக்காப் பார்த்துவிட்டு வாருங்கள்.