பட்டினி மருந்தாகுமா? சர்க்கரைக்காரர்களே, உஷார்!

மதுரை நகரில் இப்போது புது விரதம் ஒன்று வேகமாகப் பரவி வருகிறது. சாமிக்காக இருக்கும் விரதம் அல்ல. தொப்பைக்காக!

"காலை இட்லியை விட்டுட்டேன் அண்ணே. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டா, மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் அடுத்த சோறு!"

ரேஸ்கோர்ஸ் பக்கம் காலை நடை போவோரிடம் இந்தப் பேச்சுதான் அடிபடுகிறது. இதற்கு '16-8' என்று பெயர். 16 மணி நேரம் பட்டினி. மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு.

பாட்டி அறிந்த வைத்தியம்

விரதம் இந்த ஊருக்குப் புதிதா என்ன? ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால், திருப்பரங்குன்றம் கோவிலில் தங்கி 6 நாள் விரதம் இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஏகாதசிப் பட்டினி தெரியாத பாட்டி உண்டா? ரமலான் மாதத்தில் முஸ்லிம் மக்கள் பகல் முழுவதும் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு இருக்கிறார்கள்.

பல மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் உள்ள சர்க்கரைச் சேமிப்பு குறையும். பிறகு உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும். இது உண்மைதான்.

ஆனால் மந்திரம் ஏதும் இல்லை. சீனாவில் பருமனான 139 பேரை ஒரு வருடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் சாப்பாட்டு அளவைக் குறைத்தார்கள். அதில் ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். எடை குறைந்ததில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! 2022-ல் வெளிவந்த முடிவு இது.

அப்படியிருக்க, பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, ராத்திரி கொத்துப் பரோட்டாவும் அதற்கு மேல் ஜிகர்தண்டாவும் உள்ளே தள்ளினால் தொப்பை எப்படிக் கரையும்?

மயங்கி விழும் ஆபத்து

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. இவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். இன்சுலின் ஊசியையோ சில வகை மாத்திரைகளையோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால், ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும். குப்பென்று வியர்க்கும். கண் இருட்டும். ஸ்கூட்டர் ஓட்டும்போது இப்படி நடந்தால்?

நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு இந்தப் பட்டினி ஆகாது. வளரும் பிள்ளைகளுக்கு அறவே கூடாது. பசியோடு உட்கார்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றுதானே பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்தது? 2022 செப்டம்பர் 15-ல் அது தொடங்கியதே இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான்! அப்பா தொப்பை குறைக்கிறார் என்பதற்காக மகனின் இட்லியை நிறுத்தலாமா?

நல்ல உடம்புக்காரர்கள் ராத்திரிச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடித்து, காலை 8 மணிக்கு டிபன் சாப்பிட்டாலே 12 மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. தூங்கா நகரத்துக்காரர்களுக்கு இதுவே பெரிய விரதம்!

மாத்திரை சாப்பிடுவோர் டீக்கடை டாக்டர்களை நம்பவேண்டாம். மருந்துச் சீட்டு எழுதிய டாக்டரைக் கேட்டுவிட்டுப் பிறகு பட்டினி கிடக்கட்டும்!