ஓர் உயிரால் உடைந்ததா ராஜதானி?

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி இரவு, மயிலாப்பூர் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில், 58 நாள் உண்ணாவிரதத்தின் முடிவில் பொட்டி ஸ்ரீராமுலு காலமானார். 19-ஆம் தேதி, தனி ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு பாராளுமன்றத்தில் அறிவித்தார். இடையிலிருந்த நான்கு நாட்களை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதர் பட்டினி கிடந்து மாண்டதனால்தான் சென்னை ராஜதானி உடைந்தது என்றும், அன்று மத்திய சர்க்கார் பணிந்துபோனதன் பலனாகவே தேசமெங்கும் மொழிப் பூசல் பரவியது என்றும் நம்பி வருகிறவர்கள் நம்மிடையே ஏராளம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுடைய குறிப்பேட்டில் இது ஒரு வரி விடையாக இருக்கிறது. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடையை முடித்துவிட்டு உட்கார்ந்து பேசும் பெரியவர்களிடம் இது சர்ச்சைக்கே இடமில்லாத சரித்திரமாக இருக்கிறது. பெரும் அரசியல் பூசல்கள் எவ்வாறு விளைகின்றன என்பதைப் பற்றிய நம் சிந்தனையையே கெடுத்துவிடுகிற இந்த நம்பிக்கையை நான் முழு மனத்தோடு மறுக்கிறேன்.

ஸ்ரீராமுலுவின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. சென்னையிலேயே 1901-இல் பிறந்து, பம்பாயில் சுகாதாரப் பொறியியல் கற்று, ரயில்வே உத்தியோகத்தைத் துறந்து சபர்மதி ஆசிரமத்தில் சேர்ந்து, நெல்லூரில் ஹரிஜனங்களின் ஆலயப் பிரவேசத்துக்காக 1946-இலேயே உண்ணாவிரதம் இருந்தவர் அவர். அவருடைய மரணச் செய்தி கேட்டுத் தெலுங்கு ஜில்லாக்கள் கொந்தளித்ததும், ரயில்கள் மறிக்கப்பட்டதும், துப்பாக்கிப் பிரயோகத்தில் பலர் மாண்டதும் டில்லியின் அறிவிப்பைத் துரிதப்படுத்தின என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் ஒரு காரியம் நடக்கும் நாளைக் குறித்துக் கொடுப்பது வேறு, அந்தக் காரியத்தை விளைவிப்பது வேறு. 1914-இல் சரயேவோ நகரில் ஓர் இளைஞன் சுட்ட குண்டினால்தான் முதல் உலகப் போர் மூண்டது என்று சொல்லி, அதற்கு முன் பல்லாண்டுகளாக ஐரோப்பிய வல்லரசுகள் பெருக்கி வந்த சேனைகளையும் கட்டிக்கொண்ட உடன்படிக்கைகளையும் மறந்துவிடுகிறவர்கள் செய்யும் பிழையும் இதுவேயாகும்.

உண்மையான காரணங்களைத் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. மயிலாப்பூரிலேயே அவை கிடக்கின்றன. மேலே சொன்ன பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வரராவை அமிர்தாஞ்சன் தைலத்தின் அதிபராக மட்டுமே இன்று பலருக்குத் தெரியும். அவரே ‘ஆந்திர பத்திரிகா’வை நிறுவியவர்; பம்பாயில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய அதை 1914 முதல் சென்னையிலிருந்து தினசரியாக நடத்தியவர். லஸ் பகுதியில் ‘ஸ்ரீபாக்’ என்ற பெயருடன் விளங்கிய அவருடைய மாளிகையில், ஸ்ரீராமுலுவின் உண்ணாவிரதத்துக்குப் பதினைந்து ஆண்டு முன்பே, 1937 நவம்பர் 16-ஆம் தேதி, கடலோர ஆந்திரப் பிரமுகர்களும் ராயலசீமைப் பிரமுகர்களும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களின் செழிப்பும் கல்வியும் தங்களை நசுக்கிவிடும் என்று வறண்ட ராயலசீமை அஞ்சியது. அந்த அச்சத்தைத் தீர்க்கும் பொருட்டு, அனந்தப்பூரில் பல்கலைக்கழகத்தின் ஒரு மையம் வேண்டும் என்றும், பாசனத் திட்டங்களில் பத்தாண்டு காலம் அந்த ஜில்லாக்களுக்கே முதலிடம் என்றும், தலைநகரம், உயர் நீதிமன்றம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கே என்றும் எழுதிக்கொண்டார்கள். தனி மாநிலம் கேட்டவர்கள் வெறும் மொழி வெறியினால் கேட்கவில்லை. தண்ணீரையும் கல்லூரியையும் நீதிமன்றத்தையும் எப்படிப் பங்கிடுவது என்பது வரை கணக்குப் பார்த்தே கேட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்துக்கும் பின்னால் ஒரு தலைமுறைச் சரித்திரம் உண்டு. முதல் ஆந்திர மகாசபை பாபட்லாவில் கூடியது 1913-இல். ஆந்திரத்துக்குத் தனிக் காங்கிரஸ் கமிட்டி ஏற்பட்டபின், 1920-ஆம் ஆண்டு நாகபுரி மகாநாட்டில், மொழிவாரியாகவே மாகாணக் கமிட்டிகள் அமையும் என்று காங்கிரஸ் தன் அமைப்பு விதியையே மாற்றிக்கொண்டது. தமிழரும் தெலுங்கரும் கன்னடியரும் தத்தம் பாஷையில் சுதந்திரப் போராட்டத்துக்கு அழைக்கப்பட்டபோது, விடுதலைக்குப் பின் ராஜ்ய நிர்வாகமும் அவ்வண்ணமே அமையும் என்று அவர்கள் எண்ணியதில் குற்றம் என்ன? 1936-இல் ஒரிஸ்ஸா தனி மாகாணமானதை அவர்கள் கண்ணாரக் கண்டுமிருந்தார்கள். விடுதலை வந்தது, வாக்குறுதியோ கமிஷன்களின் கையில் சிக்கியது. 1948-இல் தார் கமிஷன் மொழிவாரி மாகாணம் கூடாது என்றது. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா மூவரும் அடங்கிய குழு 1949-இல், ஒத்திப்போடுவதே உசிதம் என்றும், சென்னை நகரத்தின் மீதான உரிமையைக் கைவிட்டால் ஆந்திர மாநிலத்தைப் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. 1951-இல் சுவாமி சீதாராம் 35 நாள் உண்ணாவிரதமிருந்து, வினோபா பாவேயின் வேண்டுகோளுக்கிணங்க அதை நிறுத்தினார். பலன் ஒன்றுமில்லை. இதற்கிடையே கிருஷ்ணா நீரைத் தெற்கே பெண்ணாறுக்குத் திருப்பும் கிருஷ்ணா–பெண்ணாறு திட்டம், தங்கள் ஆற்றைத் தமிழ் ஜில்லாக்களுக்குக் கொண்டுபோகும் சூழ்ச்சி என்ற சந்தேகத்தைத் தெலுங்கு விவசாயிகளிடையே கிளப்பியது. முதல் பொதுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. தெலுங்கு ஜில்லாக்களில் அது பலத்த அடி வாங்க, கம்யூனிஸ்டுகள் தனி மாநிலக் கோரிக்கையைக் கையிலெடுத்து முன்னேறினார்கள். ஸ்ரீராமுலு படுக்கையில் சாய்ந்த 1952 அக்டோபர் 19-க்கு முன்பாகவே, வாக்குப் பெட்டிகளின் வழியே ஆந்திர மாநிலம் பாதி பிறந்தாயிற்று.

உண்ணாவிரத மரணம் ஒன்றே ராஜ்யங்களை அசைக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் விருதுநகரை நினைக்கட்டும். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவதை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்து, சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கி, ஸ்ரீராமுலுவைக் காட்டிலும் அதிக நாள், 76 நாளுக்கு மேல், உணவின்றிக் கிடந்து அக்டோபரில் உயிர் துறந்தார். அதே காந்தியம், அதே நேரு பிரதமர், அதே காங்கிரஸ் ஆட்சி. நான்காம் நாள் எந்த அறிவிப்பும் வரவில்லை. தேர்தலில் ஆட்சி மாறி, 1967 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, 1969 ஜனவரியில்தான் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு பட்டினிச் சாவுக்குப் பணிந்த சர்க்கார் மற்றொன்றுக்குப் பணியாமற் போனதேன்? முதல் மரணத்தின் பின்னால் ஆட்சியையே கவிழ்க்கக் கூடிய ஜனசக்தி திரண்டு நின்றது; இரண்டாவதன் பின்னால் அது இன்னும் திரளவில்லை. வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

நகரத்தைப் பற்றிய வழக்கையும் சொல்லாமல் விடலாகாது. ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்ற தெலுங்கர் கோஷத்தைப் பேராசையின் கூச்சலாகவே தமிழ் வாசகர்கள் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். பனகல் அரசரின் பெயரில் பூங்காவும் தியாகராய செட்டியாரின் பெயரில் நகரும் கொண்ட இவ்வூரில், பத்திரிகைகளும் புத்தகக் கடைகளும் வக்கீல் அலுவலகங்களும் சினிமா ஸ்டூடியோக்களும் நடத்தித் தலைமுறைகளைக் கழித்த தெலுங்கு மக்களுக்கு இது அயலூராகத் தோன்றியிருக்க நியாயமில்லை. எனினும் பெரும்பாலோர் தமிழ் பேசும் நகரத்தின்மீது அவ்வுரிமையை அவர்கள் வற்புறுத்தியது தவறே. அந்தத் தவறு பிரிவினையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடவும் செய்தது. தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று முழங்கிய ம. பொ. சிவஞானமும், முதலமைச்சர் ராஜாஜியும் நகரத்தை விட்டுக்கொடுக்க மறுத்து நின்றதனால், கர்னூலைத் தலைநகராகக் கொண்டு 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரம் உதயமாயிற்று.

இனி, மொழிவாரிப் பிரிவினையே தேசத்தின் பூசல்களுக்கு விதை என்னும் கூற்று. ஸ்ரீராமுலு மாண்ட அதே 1952-இல், பிப்ரவரி 21-ஆம் தேதி, வங்காள மொழிக்கு உரிய ஸ்தானம் கேட்ட மாணவர்கள் டாக்கா நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தியா மொழிவாரி மாநிலங்களை அமைத்த அதே 1956-இல், இலங்கை சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. மறு வருஷம் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1958-இல் கிழித்தெறியப்பட்டது. மொழிக்கு இடங்கொடுத்தால் தேசம் சிதறும் என்று அஞ்சிய பாகிஸ்தான் 1971-இல் இரண்டாயிற்று. இலங்கையோ 1983 முதல் 2009 வரை இரத்தத்தில் மிதந்தது. அடையாறிலும் பெசன்ட் நகரிலும் நம் பக்கத்து வீடுகளில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் கண்ட பிறகும், மொழிக்கு இணங்கியதால் இந்தியா கெட்டது என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

தெலுங்கு பேசுவோரே 2014-இல் இரண்டாகப் பிரிந்தார்களே, அப்படியிருக்க மொழி எங்கே ஒற்றுமை தந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை மீண்டும் வாக்குறுதிகளிலேயே இருக்கிறது. 1956 பிப்ரவரியில் தெலங்கானாவுக்கு உத்தியோகத்திலும் வருவாய்ச் செலவிலும் பாதுகாப்பளித்துச் செய்யப்பட்ட கனவான் ஒப்பந்தம் பேணப்படவில்லை. 1969-இல் அங்கே கிளர்ச்சி வெடித்தது. ஸ்ரீபாக் ஒப்பந்தமும் அரைகுறையாகவே நிறைவேறியது: கர்னூலுக்குக் கிடைத்த தலைநகரம் மூன்றாண்டுகளில் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. கர்னூலுக்கு உயர் நீதிமன்றமேனும் வேண்டும் என்ற குரல் இன்றும் ராயலசீமையில் ஓயவில்லை.

பழைய சரித்திரத்தில் ஒரு சிறு பிழை இருந்தால் என்ன என்று இதைத் தள்ளிவிட முடியாது. வாக்குறுதியை மீறியவர்களையும், ஒத்திப்போடுவதையே ராஜதந்திரமாகக் கொண்டவர்களையும் இந்த நம்பிக்கை விசாரணையிலிருந்து தப்பவிடுகிறது. ஆட்சியாளருக்கு, குறைகளைத் தீர்ப்பதை விட்டுக் கிளர்ச்சிக்காரரைக் கண்காணித்தால் போதும் என்று கற்பிக்கிறது. அதனினும் கொடிது, உயிரைக் கொடுத்தால்தான் சர்க்காரின் காதில் விழும் என்று இளைஞருக்குக் கற்பிப்பது. 1965 ஜனவரியில், இந்தித் திணிப்பை எதிர்த்து, தியாகராய நகருக்கு அடுத்த கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும், விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் அடுத்தடுத்த நாட்களில் தீக்குளித்து மாண்டார்கள். அவர்கள் நினைவை நான் வணங்குகிறேன். ஆயினும் இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிப்பதற்கு வழிசெய்த சட்டத் திருத்தம், தமிழ்நாட்டு வாக்காளர் 1967 தேர்தலில் காங்கிரஸை ஆட்சியிலிருந்து இறக்கிய பிறகே, அவ்வாண்டு இறுதியில் டில்லியில் நிறைவேறியது. அவ்விருவரும் பிழைத்திருந்து அத்தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்திருக்க வேண்டியவர்கள்.