புடவைக்கு மேல் ஸ்டெதாஸ்கோப் எதற்கு?

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிற அந்த அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். ஐந்து நாளாகக் காய்ச்சல், இருமல். ‘‘ஒரு இடத்துல காட்டினேங்க. நெஞ்சுல ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க’’ என்றார்.

‘‘முதுகுல வெச்சுப் பார்த்தாங்களா?’’

‘‘இல்லீங்க... முன்னாடி, புடவை மேலயே ஒரு நிமிஷம் வெச்சாங்க.’’

நர்ஸைப் பக்கத்தில் நிற்க வைத்து, ரவிக்கையைச் சற்றே தூக்கச் சொல்லி, முதுகில் வைத்துக் கேட்டேன். இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் அடியில்... நிமோனியா! எக்ஸ்ரேயும் அதையே சொன்னது.

நல்ல நுரையீரல் எப்படி ஒலிக்கும் தெரியுமா? அந்தக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் காற்று நுழைகிற மாதிரி, மெல்லிய சரசரப்பு. மூச்சை இழுக்கும்போது நீளமாகக் கேட்கும். விடும்போது கொஞ்சம் கேட்டு, சட்டென்று தேய்ந்துவிடும். அதே ஸ்டெதாஸ்கோப்பைத் தொண்டைக்குழி அருகே வையுங்கள். குழாயில் ஊதுகிற மாதிரி, இழுப்பதும் விடுவதும் உரக்கக் கேட்கும். அங்கே அது நார்மல்தான். ஆனால், அந்தக் குழாய்ச் சத்தம் முதுகின் அடியில் கேட்டால் ஆபத்து! காற்று நிறைந்த நுரையீரல், சத்தத்தை வடிகட்டி மென்மையாக்கி அனுப்புகிறது. நோயில் அது கெட்டிப்பட்டால் வடிகட்டல் போச்சு. குழாய்ச் சத்தம் அப்படியே வெளியே வந்துவிடும்.

நுரையீரலின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் கேட்டால் பாதி வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுத் திருடனைத் தேடுகிற கதை. துணி உரசினாலோ, இல்லாத நோய்ச் சத்தம்கூடக் காதில் விழும்!

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவி பிறந்ததே ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்துத்தான். 1816-ல் பாரிஸில் டாக்டர் லானெக், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டார். கூச்சத்துக்கு அவர் அன்றே வழி கண்டுபிடித்துவிட்டார். நாமோ அதே கூச்சத்தைச் சொல்லிப் பெண்களை அரைகுறையாகப் பரிசோதிக்கிறோம். அவசரப்படும் டாக்டர்கள் மீதும் தப்பு. ‘ஆம்பளை டாக்டராச்சே’ என்று முகம் சுளிக்கிற கணவர், மாமியார் மீதும் தப்பு. துணைக்கு நர்ஸோ, வீட்டுப் பெண்ணோ நிற்கட்டும். ‘‘முதுகுலயும் வெச்சுப் பாருங்க டாக்டர்’’ என்று நீங்களே கேளுங்கள். வாயைத் திறந்து, நிதானமாக, ஆழமாக மூச்சு விடுங்கள். பேசாதீர்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிட ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும்.

இன்னொன்று. ‘நெஞ்சு கிளியர்’ என்றாலும் முழு நிம்மதி கிடையாது. ஆரம்ப டி.பி.யில் சத்தம் நார்மலாகவே கேட்கலாம். இரண்டு வாரம் தாண்டி இருமல் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கேளுங்கள். அரசாங்கத்தில் அது இலவசம்.