குழந்தைக்கு நூல் தெரிதல்

உணவை அறிந்து ஊட்டுதல் தாய்க்குக் கடன் என்பதை யாவரும் ஒப்புவர். குழந்தைக்கு நூலை அறிந்து அளித்தல் யார் கடன் என வினவினாலோ, பெற்றோர் ஆசிரியரைச் சுட்டுகின்றனர். ஆசிரியர் பெற்றோரைச் சுட்டுகின்றனர். இருவராலும் மறக்கப்பட்டவர் ஒருவர் உளர், அவர் அக்குழந்தையே. ஏழாண்டு நிரம்பாத சிறுவர்க்கு நூல் நிலையத்தில் நூல் தெரியும் முறை பற்றி யாம் கருதுவனவற்றை ஈண்டுக் கூறுவோம்.

சீர்காழியில் 1892-இல் தோன்றி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்த எஸ். ஆர். இரங்கநாதன், நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவரும் தமக்குரிய நூலைப் பெறுதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எழுத்தறியாக் குழந்தையும் வாசகரே என்பது எம் துணிபு. கண்ணாற் படத்தையும் செவியாற் சொல்லையும் அது வாசிக்கின்றது.

ஆதலின், நூலைத் தெரியும் பெரியோர் அலமாரியின் பக்கலில் நின்றே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். நா தடுமாறும் நூல் செவிக்கும் இனிதாகாது. நம் மொழியிற் பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. வீட்டிற் கேளாத எழுத்துத் தமிழைக் குழந்தை முதன்முதல் எதிர்ப்படுவது இத்தகைய நூலிலேயே. அத்தமிழ் கரடுமுரடாயின், தமிழ் என்பது பள்ளியில் தண்டனைக்கு அஞ்சிப் பயிலும் பொருள் என்று அது எண்ணிவிடும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் (1876–1954), அழ. வள்ளியப்பாவும் (1922–1989) அருஞ்சொல் அறியாதவரல்லர். அறிந்தும் எளிய சொல்லையே குழந்தைகட்குத் தெரிந்தளித்தனர்.

இனி, நீதி கூறாத கதையாற் பயன் என்னை எனச் சிலர் வினவுவர். நீதி வேண்டா என்பது எம் கருத்தன்று. கதை நன்கு அமைந்ததாயின் நீதி அதனுள்ளேயே கரைந்து நிற்கும். இறுதியில் தனியே எழுதி ஒட்ட வேண்டுவதில்லை. ஒவ்வொரு பண்டத்திலும் மருந்து மணக்குமாயின், குழந்தை பண்டத்தையே வெறுக்கும்.

முன்னர்ப் படித்த நூலையே மீண்டும் வேண்டும் குழந்தையைக் கடிதலும் தகாது. அடுத்து வருவது இன்னதென அறிந்து மகிழ்தல் அப்பருவத்தின் இயல்பு. அம்மகிழ்ச்சியிலேயே சொற்கள் நெஞ்சிற் பதிகின்றன. பலர் கைபட்டு நைந்த நூலைப் பழையதென்று தள்ளுதலும் வேண்டா. அந்நைவே சிறுவர் பலர் அளித்த நற்சான்று.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி கொண்டுள்ளன. மகிழத்தக்கதே. ஆயினும், சிறுவர் நூல்களைக் கிழியும் என்றஞ்சிக் கண்ணாடி அலமாரியுட் பூட்டி வைக்கும் நூல் நிலையம் யாண்டு இருப்பினும், அது காவற்கூடமேயன்றி நூல் நிலையமன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு, சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பெறுகின்றது. மக்கள் பொருளால் வாங்கிய நூல், மக்கட்செல்வத்தின் கைக்கு எட்டாதிருத்தல் முறையாமோ?

ஆதலின் பெற்றோர்க்கும், இளந்தம்பி தங்கையரை உடைய மாணவ நண்பர்க்கும் யாம் கூறுவது இதுவே: மூன்று நூல் எடுக்க இயலுமாயின், இரண்டனைக் குழந்தை தெரிக, ஒன்றனை நீவிர் தெரிமின். அதன் தெரிவு நுமக்கு அற்பமாய்த் தோன்றினும் நகையாடற்க. தானே எடுத்த நூலைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு வெளிவரும் குழந்தை மறுமுறையும் அவ்விடம் செல்ல விழையும். பேரிலக்கியங்களைப் பயிலும் எம்போன்றோர்க்கு இஃது அற்பப் பணியன்று; நாளை அவ்விலக்கியங்களைப் படிப்பவர் இன்று அத்தாழ்ந்த அலமாரியின்முன் அமர்ந்திருப்பவரே.