மண்டோர் வேலை ஆணுக்கு மட்டுமா?

விடியுமுன் பெரட்டில் நிற்பவர்களில் பெண்களும் உண்டு. நிரையில் மரம் வெட்டி, மங்கில் பாலெடுத்து, வாளி சுமந்து ஸ்டோரில் நிறுத்துப் போடுகிறார்கள். தராசுக்கு ஆண், பெண் பேதம் தெரியாது.

பேதத்தை வகுத்தவர்கள் மனிதர்களே. 1930-களில் பெண்ணுக்கு நாட்கூலி ஆணைவிடக் குறைவாகவே இருந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் உலகத் தொழில் நிறுவனத்தின் 100-ஆம் உடன்படிக்கையை மலேசியா 1997-இல்தான் ஏற்றது.

2001-இல் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவும் பால் பேதத்தை விலக்கியது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுமேயன்றித் தனியார் முதலாளியைக் கட்டாது. அந்தக் குறைக்கு, தீபகற்பத்தில் 1-1-2023 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தம் வழி வைத்திருக்கிறது. வேலையில் பாகுபாடு நேர்ந்தால் தொழில் இலாகாவில் முறையிடலாம். தலைமை இயக்குநர் விசாரித்துக் கட்டளையிடலாம். பிள்ளைப்பேற்று விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று.

இத்தனைக்கும் பிறகு, இருபது ஆண்டு மரம் வெட்டிய பெண்ணுக்கு மண்டோர் வேலை ஏன் எட்டவில்லை? “காட்டைச் சுற்ற அவளால் முடியுமா?” என்கிறார்கள். இருட்டில் தனியே நிரைக்குப் போகிறவளுக்குப் பகலில் நிரையைச் சுற்றிப் பார்க்க முடியாதா?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை: மண்டோர் வேலை காலியானால் எல்லோரும் அறியப் பலகையில் ஒட்டுங்கள். கிளைக் கமிட்டித் தோழர்களுக்கும் ஒன்று: உங்கள் மேசையில் எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிர்வாகத்திடம் நியாயம் கேட்கப் போகுமுன் நம் வீட்டைச் சீர் செய்வோம்.

சகோதரிகளே, தகுதியிருந்தும் தள்ளப்பட்டால் மௌனமாயிராதீர்கள். கிளையில் எழுதிக் கொடுங்கள். சங்கம் உங்கள் பின்னால் நிற்கும்!