அவர் கதவு, என் பூட்டு

போன மாசம் காலேஜ் முடிஞ்சு பருத்திப்பட்டு ரூமுக்கு வந்து பார்த்தா, கொடியில கிடந்த லுங்கி அழகா மடிச்சு பாய் மேல இருக்கு. எங்க ரூம்ல லுங்கி மடிக்கிற ஜாதி யாருமே கிடையாது!! கீழே போய்க் கேட்டேன். "ஃபேன் ஓடிக்கிட்டே இருந்துச்சு தம்பி, நிறுத்தப் போனேன்" என்றார் ஹவுஸ் ஓனர். அவர் கையில் டூப்ளிகேட் சாவி.

எதுவும் திருடு போகலையே, அப்புறம் என்னடா என்று நண்பர்கள் கேட்டார்கள். மனுஷர் நல்லவர்தான், பொங்கலுக்குச் சோறு போட்டவர். ஆனா லேப்டாப், மார்க் ஷீட் எல்லாம் அங்கேதான் இருக்கு. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் நான் முதலில் யாரை நினைப்பேன்? அந்தச் சந்தேகம் அவருக்கும் நல்லதில்லை. தவிர, ரூமோடு வந்த பூட்டுக்கு, எங்களுக்கு முன்னாடி இருந்தவர்கள் எத்தனை பேர் சாவி காப்பி எடுத்திருப்பார்களோ!

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ரிப்பேர் மாதிரியான காரணத்துக்காக ஓனர் உள்ளே வரணும்னா 24 மணி நேரம் முன்னாடியே எழுத்தில் சொல்லணுமாம். சந்தோஷமா இருந்தது, அதே சட்டம் எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யணும் என்பதையும் படிக்கும் வரை. எங்க ஒப்பந்தம் எல்லாம் வாய் வார்த்தைதான். சட்டம் பேசினால் "அடுத்த மாசம் காலி பண்ணிடு தம்பி" என்று வந்துவிடும். முக்கால்வாசி பசங்க வாயைத் திறக்காததற்கு இதுதான் காரணம்.

அதனால் பூட்டையே மாற்றினோம். இதில் ஒரு விஷயம் கவனிங்க மக்களே. பூட்டு திண்டுக்கல் பூட்டாகவே இருக்கட்டும், நாதாங்கியின் ஸ்க்ரூ வெளியே தெரிந்தால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டைத் தொடவே வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, கதவைத் துளைத்துப் போகிற போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்கினோம். கதவு அவருடையது, அதனால் கேட்டுவிட்டுத்தான் துளை போட்டோம்.

"என்னையே சந்தேகப்படுறியா தம்பி?" என்றார். எதிர்பார்த்த கேள்விதான். "நீங்க ஊருக்குப் போனா குழாயைத் திறந்து விட்டுட்டுப் போவீங்க, என் வீட்டுக் கூரையில தண்ணி இறங்கும், அப்ப யாரைத் தேடுறது?" என்று அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி.

பி.காம். படிப்பு இங்கேதான் உதவியது :-) பேங்க்ல பெட்டகத்தைத் திறக்க இரண்டு பேர் சாவி வேணும். மேனேஜரை நம்பாமல் இல்லை, அவர் மேல் பழி வரக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த ஏற்பாடு. புதுப் பூட்டின் இரண்டாவது சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் நானும் ரூம்மேட்டும் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தோம். அவசரம்னா கிழிக்கலாம், கிழிச்சா ஒரு போன் பண்ணிடுங்க சார், அவ்வளவுதான்.

கவர் இப்போ அவர் வீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. நேற்று வாடகை கொடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். கையெழுத்து அப்படியே இருக்கு.

ஃபேன்தான் இன்னமும் சில நாள் ஓடிக்கிட்டே இருக்கு.