அடியில் கேட்கும் ‘டொக்’ சத்தம்

தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர் ஏற்றத்தில் கியர் மாறும்போது அடியிலிருந்து ‘டொக்’ என்றொரு சத்தம் எழுந்தால், அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. “கிழட்டு வண்டி, அப்படித்தான்” என்பார் சாரதி. ஏறியிருப்பவர்களும் தலையசைப்பார்கள்.

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் கிழட்டு வண்டிகள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. வரியோடு சேர்ந்த புதிய விலை நம்மவர்க்கு எட்டாதது. ஆதலால் பழையதைப் பேணுவதே வழி. பேணுவது என்றால் பெயின்ற் அடிப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள்.

அந்தச் சத்தம் பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலிருந்து வருவது. கியர்பொக்ஸின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் இந்தத் தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜொயின்ற் உண்டு. அதனுள்ளே சிலுவை வடிவத் துண்டும் ஊசி பெயரிங்குகளும் இருக்கும். கிறீஸ் வற்றினால் பெயரிங் துருப்பிடித்து அரைபடும்.

இது வெறும் சத்தத்தோடு முடியும் விடயமன்று. பழைய லேண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்பொக்ஸின் பின்னால், பின் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்ட்டை மட்டுமே. முன்சக்கர இயக்கம் இணைக்கப்படாத நிலையில் பின் ஷாஃப்ட்டின் ஜொயின்ற் முறிந்தால் ஹேண்ட் பிரேக் இல்லை. இறக்கத்தில் எஞ்சின் தரும் பிடிப்பும் இல்லை. மிஞ்சுவது கால் பிரேக் ஒன்றே. ‘பிரேக் செயலிழந்து ஜீப் பள்ளத்தில் பாய்ந்தது’ என்று எம் பத்திரிகைகள் எழுதும் ஒரே வாக்கியத்துக்குள் இத்தகைய காரணங்கள் எத்தனை புதைந்துபோயினவோ!

பரிசோதிக்கப் பெரிய கராஜ் வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுக்கவேண்டும். ஹேண்ட் பிரேக்கை நம்பி ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிபரன்ஷல் வழியாக அச்சக்கரம் சுழல, வண்டி உருண்டுவிடும். இதனை அறியாத பாஸ்மார் இருக்கிறார்கள் என்பது வியப்பே. பின்னர் கியரை நியூட்ரலில் வைத்து, ஜொயின்றின் இருபுறத்தையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்கலாம். மேலும் கீழும் அசைத்தும் பார்க்கலாம். ஜொயின்றுக்குள்ளேயே ஆட்டம் தெரிந்தால் அது போய்விட்டது. கிண்ணத்தைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் இருந்தாலும் அவ்வாறே.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்தபின் தண்டு முழுவதும் சிறிது திரும்புவது வேறு. அது டிபரன்ஷல் பற்களின் இடைவெளி. ஓரளவு இருக்கவே செய்யும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நல்ல ஜொயின்றை மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையென்று டிபரன்ஷலையும் கழற்றுகிறார்கள். செலவு உரிமையாளருடையது.

மெதுவாகச் செல்கையில் குருவி கீச்சிடுவதுபோல் கேட்டால் கிறீஸ் இல்லை என்று பொருள். வேகம் கூடக் கூட அதிர்வும் கூடினால், தண்டு வளைந்திருக்கலாம். அல்லது கழற்றிப் பூட்டியபோது நுகங்களின் நிலை மாறியிருக்கலாம். கழற்றுமுன் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தால் அந்தத் தொல்லை வந்திராது. திருப்பத்தில் மட்டும் ‘டக் டக்’ என்றால் பின் ஷாஃப்ட்டை விட்டு முன் அச்சைப் பாருங்கள்.

இன்னொன்று, தலவாக்கலை வழியான தார் வீதியில் மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டும் பழக்கம். வளைவுகளில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓடுவதால் தண்டுகள் முறுக்கேறுகின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு விடுபடும், தாரில் விடுபடாது.

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனை செய்விக்கிறோம். அங்கே புகையை அளக்கிறார்கள். வண்டியின் அடியில் எவரும் குனிவதில்லை. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் டிக்கோயா வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்லும் வண்டிகளையாவது தோட்ட நிர்வாகங்கள் மாதமொருமுறை இவ்விதம் திருகிப் பார்க்க வேண்டும். கால் மணி நேர வேலை; ஒரு கிறீஸ் துப்பாக்கியும் நான்கு கட்டைகளும் போதும்.